ஜமாலுக்கு, பதினேழாம் எண்ணைப் பற்றி

உச்சிப்புளி
18.5.2025

அன்புள்ள மாப்பிள்ளை ஜமாலுக்கு,

வேலு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. தங்கச்சி கமருன்னிசாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல். உன் இரண்டு கடிதங்களும் தை மாதத்திலேயே வந்து சேர்ந்துவிட்டன. நான்கு மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது கடிதத்தின் கடைசிப் பத்தியில், மருமகன் வாங்கிய, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ஹைபிரிட் காரில் எச்சரிக்கை முக்கோணம் எரிகிறதென்றும், கோடை விடுமுறையில் அவரும் நீயுமாகப் பின்சீட்டைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த நேரத்தில் என் வண்டியிலும் அதே முக்கோணம் எரிந்து, கோளாறைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் ஒரு கோளாறு எண் வந்து நின்றிருந்தது. நானும் அதே வேலையில் இறங்கப் போகிறேன், முடித்துவிட்டு முடிவோடு எழுதலாம் என்று ஒத்திப்போட்டேன். மே மாதம் பாதி போய்விட்டது, நீ ஏற்கெனவே மூடியைத் திறந்திருப்பாயோ என்ற நினைப்பு நேற்று இரவு வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய். நம் வாத்தியார் உப்புமா சாரிடமே அப்படிச் சொன்னவன் நீ. ஆகையால் மருமகனையும் பக்கத்தில் உட்காரவைத்து இதை முழுவதும் படி. படித்து முடிக்கும்வரை பேட்டரிப் பெட்டியில் யாரும் கைவைக்க வேண்டாம்.

என்னுடையது 2012-ஆம் ஆண்டு வண்டி. நான்கு வருடத்திற்கு முன்பு சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்ததும், பரமக்குடியில் நிறுத்திப் பருத்திப்பால் குடித்ததும் உனக்குத் தெரியும். மார்கழி கடைசியில் முக்கோணம் எரிந்தது. ஸ்கேனரைப் போட்டால் பி0ஏ80 என்ற எண் வந்தது. மின்கலத் தொகுப்பையே மாற்று என்பதுதான் அதற்குப் பொருள். காட்டப் போன இடத்திலும் முழுத் தொகுப்பையும் மாற்றத்தான் வேண்டும் என்றார்கள், திறந்து பார்க்கச் சம்மதிக்கவில்லை. அவர்கள் சொன்ன தொகைக்கு என் வைண்டிங் பட்டறையில் இரண்டு வருடம் மோட்டார் கட்ட வேண்டும். இருபத்தெட்டுத் துண்டுகளைக் கோத்த ஒரு சங்கிலியில் இருபத்தெட்டுமா ஒரே நாளில் செத்திருக்கும் என்ற கேள்விதான் என்னை இந்த வேலையில் இறக்கிவிட்டது.

உன் மருமகனின் வண்டியும் இதே வகை என்று நீ எழுதியதிலிருந்து தெரிகிறது. உள்ளே இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. ஒரு மாட்யூலுக்குள் 1.2 வோல்ட் செல்கள் ஆறு, ஆக 7.2 வோல்ட். அப்படி 28 மாட்யூல்கள் தொடராக நிற்பதால் கணக்குப்படி 201.6 வோல்ட், நல்ல சார்ஜில் இருக்கும்போது அளந்தால் 220-ஐத் தொடும். வண்டியின் கணினி இரண்டிரண்டு மாட்யூல்களை ஒரு ஜோடியாக்கி, பதினான்கு ஜோடிகளின் வோல்டேஜையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு ஜோடி மற்றவற்றைவிட அதிகமாகச் சரிந்தால் விளக்கை எரியவிடுகிறது. என் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஆறாம் ஜோடியும் ஒன்பதாம் ஜோடியும் மற்றவற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் கீழே போயின. அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொட்டேன். நீயும் முதலில் ஓட்டிப் பார்த்து, ஜோடிகளின் அளவுகளை எழுதி வைத்துக்கொள். வெளியே எடுத்துவிட்டால் அந்தச் சாட்சியம் கிடைக்காது.

கழற்றும் முறையைச் சொல்கிறேன், ஒரு படியைக்கூடத் தாண்டாதே. சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் போட்டுவிடு. சட்டைப்பையில் இருந்தால் வண்டி விழித்துக்கொள்ளும். பிறகு 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. அதன் பிறகுதான் ஆரஞ்சு நிறப் பிடியுள்ள சர்வீஸ் பிளக்கை உருவ வேண்டும். உருவிய பிளக் உன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், வேறொருவர் கையில் கொடுக்காதே. இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் வடிய முழுதாகப் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து உட்கார். பிறகு மீட்டரை வைத்து அளந்து, வோல்டேஜ் இல்லை என்று கண்ணால் பார்த்த பின்னரே ஆரஞ்சு கேபிளைத் தொடு. மீட்டர் 1000 வோல்ட்டுக்கானதாக இருக்கட்டும். கையில் மின்வாரியத்தார் போடும் வகையிலான, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையும் அதற்கு மேலே தோல் கையுறையும் வேண்டும். ஒவ்வொரு நாளும் ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் கன்னத்தில் காற்றுப் படும்.

எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிளக்கை உருவிவிட்டால் பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிளக் செய்வதெல்லாம் சங்கிலியை ஓரிடத்தில் அறுத்து இரண்டாக்குவதுதான். அறுபட்ட துண்டுகளில் பெரியதன் இரு முனைகளுக்கிடையே அப்போதும் நூறு வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டுதான் இருக்கும். அதை அணைக்கச் சுவிட்ச் எதுவும் கிடையாது. நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்தென்று எடுத்துக்கொள்வது வண்டித் தொழிலின் வழக்கம். அதிலும் நம் கரையில் பங்குனி வெயிலில் உடம்பெல்லாம் உப்பு வியர்வை. உலர்ந்த தோல் மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடையில் சிறு பங்கைத்தான் நனைந்த தோல் கொடுக்கும். ஆகவே மூடியைத் திறக்கும் வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு தெரிந்தும் என் பட்டறையில் நடந்ததைக் கேள். உதவிக்குச் சீனி இருந்தான். மண்டபத்து போட் மெக்கானிக்கின் மகன், பத்தொன்பது வயது, கெட்டிக்காரன். மோதிரம், கடிகாரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி ஜன்னலில் வைக்கச் சொன்னேன், வைத்தான். நாற்பது கிலோ எடையுள்ள பெட்டியை இரண்டு பேருமாகத் தூக்கி மேசையில் வைத்தோம். மேல்மூடியைத் திறந்து, மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளின் முதல் நட்டைக் கழற்றியபோது அது கைதவறிப் பக்கவாட்டு இடுக்கில் விழுந்தது. எடுக்கக் குனிந்தான். சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து வெள்ளிச் சங்கிலி வழுகி வெளியே வந்து, அதன் முனையில் தாயத்து, பட்டைகளுக்கு ஒரு விரற்கடை மேலே ஊசலாடியது. கழுத்தில் போட்டிருப்பதைக் கேட்க நான் மறந்திருந்தேன். பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் சுவரில் மோதினோம். பையன் ஏன் என்று புரியாமல் விழித்தான். நான் பதில் சொல்லாமல் வெளியே போய்த் தென்னைமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் கூட்டாளி கருணையின் மணிக்கட்டு வெந்துபோனது உனக்கு நினைவிருக்கும். அது வெறும் 12 வோல்ட் லாரி பேட்டரி. இந்தச் சங்கிலி இரண்டு பட்டைகளின் மேல் விழுந்திருந்தால் சில நூறு ஆம்பியர் அதன் வழியே ஓடி, வெள்ளி அவன் கழுத்திலேயே பழுத்திருக்கும். அவன் உம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன் ஜமால்? நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம், பிள்ளைகள் நம் வாயிலிருந்து வந்ததை மட்டும்தான் செய்கிறார்கள். உன் மருமகனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்து, இடுப்பு, கை எல்லாம் பார்த்துவிட்டுப் பெட்டியருகே விடு. வெட்கப்படுவார் என்று பார்க்காதே.

அன்று மீதி வேலையை நான் ஒருவனே செய்தேன். சீனியைக் கைக்கெட்டாத தூரத்தில் ஒரு காய்ந்த மரக்கட்டையோடு நிற்கவைத்தேன். எனக்கு ஏதாவது ஆனால் கையால் இழுக்காமல் கட்டையால் தள்ளிவிட வேண்டும் என்பது அவனுக்கு இட்ட கட்டளை. முனை தவிர முழுவதும் டேப் சுற்றிய ஸ்பேனரை எடுத்து, எந்தக் கூட்டிலும் ஏழு மாட்யூலுக்கு மேல் சேர்ந்திருக்காதபடி முதலில் மூன்று இடங்களில் பட்டைகளை எடுத்தேன். ஏழு மாட்யூல் என்றால் 55 வோல்ட்தான். அதற்குப் பிறகே எனக்கு மூச்சு சீராக வந்தது.

பட்டைகளைப் பார்த்தாயானால் அழுதுவிடுவாய். கோயில் மணியில் படிவதுபோலப் பச்சைக் களிம்பு. கணினிக்கு வோல்டேஜ் சொல்லும் மெல்லிய கம்பிகளின் முனைகளிலும் அதே களிம்பு. இரண்டு முனைகள் தொட்டதும் உதிர்ந்தன. களிம்பு மட்டுமே தவறான அளவைக் காட்டி, நல்ல பேட்டரியைக் கெட்டது என்று சொல்லவைக்கவும் கூடும். இவ்வளவு உப்பு பெட்டிக்குள் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு பின்சீட்டின் பக்கத்தில் இருக்கும் காற்று வழியைக் கழற்றிப் பார்த்தேன். வண்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் அந்த வழியாக ஒரு விசிறி இழுத்துப் பேட்டரியைக் குளிர்விக்கிறது. நாம் மூச்சுவிடும் காற்றையே அதுவும் சுவாசிக்கிறது என்று வைத்துக்கொள். விசிறியின் இதழ்களுக்கிடையே கடல் மணலும் துண்டின் நூல்பிசிறும் சேர்ந்து கம்பளிபோலத் திரண்டிருந்தன.

அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மதுரையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வரும் உறவுக்காரர்களை அக்னி தீர்த்தத்துக்கும் தனுஷ்கோடிக்கும் அழைத்துப் போவது என் வேலை. கடலில் முழுகிவிட்டு வருகிறவர்கள் ஈரத்துண்டையும் ஈரப்புடவையையும் எங்கே வைப்பார்கள்? சீட்டின் ஓரத்தில், சரியாக அந்தக் காற்று வழியின் மேல். நான்கு வருடமாக உப்பு ஈரத்தை அந்த விசிறி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கூடவே வழி அடைபட்டுச் சூடும் ஏறியது. நடுவில் இருக்கும் மாட்யூல்களுக்கு இரு பக்கமும் சூடான அண்டை வீட்டார், ஓரத்தில் இருப்பவை கொஞ்சம் ஆறிக்கொள்ளும். ஆகவே நடுவில் உள்ளவைதான் முதலில் கெடும். கெட்ட ஜோடிகள் ஆறாவதும் ஒன்பதாவதுமாக இருந்ததற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். நீ இருக்கும் கோயம்புத்தூரில் உப்பு இல்லை. ஆனால் மருமகனின் வண்டியில் நாய் ஏறுகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வழியை முதலில் பார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் மார்க்கரால் ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை எண் போட்டு, ஒரு இரவு ஆறவிட்டு, காலையில் ஒவ்வொன்றாக அளந்தேன். பதினொன்றாம் எண் 6.55 வோல்ட் காட்டியது. ஆறு செல்களில் ஒன்று செத்தால் ஒன்றேகால் வோல்ட் குறையும். சின்னப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். ஆறாம் ஜோடியின் கதை முடிந்தது. மற்ற இருபத்தேழும் 7.81-க்கும் 7.90-க்கும் இடையில் வரிசையாக நின்றன. ஒன்பதாம் ஜோடியான பதினேழும் பதினெட்டும் முறையே 7.82, 7.85. ஓடும்போது சரிகிற ஜோடி மேசைமேல் ஆரோக்கியமாக நிற்கிறது. கம்பி முனையில் இருந்த களிம்பின் வேலையாக இருக்கும், பதினொன்றை மட்டும் மாற்றி மூடிவிடலாம் என்று சீனி சொன்னான். எனக்கும் அன்று அது சரியென்றே பட்டது.

ஆனாலும் சுமை கொடுக்காமல் மோட்டாரை வெளியே அனுப்பக் கூடாது என்று உப்புமா சார் பிரம்பால் மேசையைத் தட்டிச் சொன்னது காதில் கேட்டது. பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை, 12 வோல்ட், 55 வாட், இரண்டு வயரில் கட்டி ஒவ்வொரு மாட்யூலுக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தேன். இந்த வோல்டேஜில் அது மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். மற்றவை எல்லாம் பல்பு எரிந்ததும் 7.5 பக்கம் இறங்கி, இரண்டு நிமிடமும் அந்த இடத்திலேயே காலூன்றி நின்றன. பதினேழும் அப்படித்தான் தொடங்கியது. 7.46. முப்பதாவது நொடியில் 7.40. ஒரு நிமிடத்தில் 7.21. சீனி அடுத்த மாட்யூலை எடுக்கக் கையை நீட்டினான், பொறு என்றேன். எண்பதாவது நொடியைத் தாண்டியபோது மீட்டரில் எண்கள் படியிறங்குவதுபோல விழத் தொடங்கின: 7.0, 6.8, 6.5, பிறகு 6.3. பல்பின் இழை வெள்ளையிலிருந்து மஞ்சளாகி ஆரஞ்சுக்கு வந்தது. உள்ளே ஒரு செல் தன்னிடமிருந்த கொஞ்சத்தையும் கொடுத்துவிட்டு, மற்ற ஐந்தும் தள்ளும் மின்சாரத்தால் தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பல்பை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து அளந்தால் மறுபடி 7.6-க்குத் திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல நின்றது.

இதற்காகத்தான் மாப்பிள்ளை இந்தக் கடிதமே. வெறுமனே அளக்கிற வோல்டேஜை நம்பாதே. முப்பது நொடியில் பல்பை எடுத்திருந்தால் பதினேழு தேறியிருக்கும். அதை உள்ளே வைத்து மூடியிருப்பேன். சில வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்து மறுபடி அந்தப் பெட்டியை, அத்தனை ஆபத்தோடும், திறக்க வேண்டியிருந்திருக்கும். இருபத்தெட்டுக்கும் இரண்டு நிமிடம் முழுதாகக் கொடு. தொடக்கம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மூன்று அளவையும் நோட்டில் எழுது.

அதன் பிறகு நடந்தது பொறுமை வேலை. சிறு சார்ஜரில் ஒவ்வொன்றையும் 6 வோல்ட் வரை இறக்கி, ஐந்து ஆம்பியரில் ஏற்றி, மூன்று சுற்று. சார்ஜ் ஏறும்போது மாட்யூலின் பிளாஸ்டிக் உடம்பு உப்பப் பார்க்கும். தனியாக நிறுத்தி ஏற்றினால் வயிறு வீங்கிக் கெட்டுவிடும். படகு கட்டும் தச்சரான மண்டபத்து ஓடாவி இழைத்துத் தந்த இரண்டு கனத்த பலகைகளுக்கிடையே அவற்றை நெருக்கி, படகுக்குப் போடும் நீளமான போல்ட்டால் இறுக்கி வைத்தேன். பகல் வெப்பத்தில் ஏற்றாமல் இரவு ஒன்பதுக்கு மேல் மின்விசிறியை அவற்றின் பக்கம் திருப்பிவிட்டு ஏற்றினேன். மின்வெட்டையும் சேர்த்து ஒரு மண்டலம் ஆயிற்று. புதிதாக இருந்தபோது 6500 மில்லி ஆம்பியர் மணி கொடுத்தவை முதல் சுற்றில் மூவாயிரத்துச் சொச்சம்தான் கொடுத்தன; மூன்றாம் சுற்றில் 4600-க்கும் 5200-க்கும் இடையே தேறின. பதினொன்றுக்கும் பதினேழுக்கும் பதிலாகச் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து நான்கு பழைய மாட்யூல்கள் வரவழைத்து, அவற்றையும் இதே சோதனையில் நிறுத்தி, மற்றவற்றோடு ஒத்துப்போன இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று பல்புக்கே தோற்றது. புத்தம் புதியதாக இரண்டு வாங்கிப் போடலாமே என்று மருமகன் கேட்பார். கிழட்டு மாடுகளோடு இளங்காளையை ஒரே நுகத்தில் பூட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

செம்புப் பட்டைகளை அம்மா கேட்டு வாங்கி, குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டு விளக்கித் தந்தார்கள். நன்றாகக் கழுவி, பேட்டரித் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தேன். திரும்பக் கோக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்று பிளஸ்ஸும் மைனஸும் மாறி மாறி வர வேண்டும். ஒவ்வொரு மாட்யூலையும் மீட்டரால் திசை பார்த்த பிறகே பட்டையைப் போட்டேன். நட்டுகளுக்கு 5.4 நியூட்டன் மீட்டர் போதும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதே. நம் கைப்பழக்கத்தில் இறுக்கினால் பிளாஸ்டிக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். சர்வீஸ் பிளக்கைச் செருகிய பிறகு பிடியை மடக்கிக் கடைசிவரை தள்ளிப் பூட்ட வேண்டும். அந்தக் கடைசித் தள்ளலை விட்டுவிட்டால் வண்டி கிளம்பாது.

சித்திரை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு பாம்பன் பாலத்துக்கு ஓட்டிச் சென்றேன். 1988-இல் திறந்த புதிதில் நீயும் நானும் கருணையும் சைக்கிளை மிதித்து ஏறிய அதே ஏற்றம்தான் எனக்குச் சோதனைக் களம். ஏறும்போது பதினான்கு ஜோடிகளுக்கும் இடையே இருந்த அதிகபட்ச வித்தியாசம் கால் வோல்ட்டைத் தாண்டவில்லை. இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டதும் சார்ஜ் ஏறுவது திரையில் தெரிந்தது. கீழே புதிய ரயில் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. சீனி அதைப் பார்க்காமல் ஸ்கேனர் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அது மிகுந்த சந்தோஷமாக இருந்தது. சங்கிலி இப்போதெல்லாம் பட்டறை வாசலிலுள்ள ஆணியில்தான் தொங்குகிறது.

கெட்ட மாட்யூல்களைக் குப்பையிலோ கடற்கரை மணலிலோ போட்டுவிடாதே. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும் காரம். எல்லா வகைப் பேட்டரிக் கழிவுக்கும் 2022-இலேயே விதிகள் வந்துவிட்டன. பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் சேர வேண்டும். என்னுடைய மூன்றும் மரப்பெட்டியில் முனைகளுக்கு டேப் ஒட்டிக் காத்திருக்கின்றன. இன்னொன்று: உன் தம்பி புதிதாக எடுத்திருக்கும் வண்டியில் இருப்பது லித்தியம் என்றால், நான் இங்கே எழுதிய எதையும் அதில் செய்து பார்க்கக் கூடாது. நிக்கல் கொஞ்சம் அதிகமாக ஏற்றினாலும் சூடாகி எச்சரிக்கும், லித்தியம் தீப்பிடிக்கவும் கூடும். தம்பிக்கு இதை இன்றே சொல்.

ஆனி முதல் வாரத்தில் அங்கே வருகிறேன். கையுறைகள், மீட்டர், பல்பு, ஓடாவியின் பலகைகள் எல்லாம் என்னோடு வரும். சீனியும் வருகிறேன் என்கிறான். அதுவரை மருமகனிடம் சொல்லி ஜோடிகளின் அளவை மட்டும் ஓடும்போது எடுத்து எனக்கு அனுப்பச் சொல். ஏற்கெனவே மூடியைத் திறந்துவிட்டாய் என்றால், சர்வீஸ் பிளக் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் போனில் சொல்.

அன்புடன்,
வேலு